தாய் உண்ட பருப்பும் சேயின் வயிற்றுக் காற்றும்

தருமபுரியிலிருந்து பென்னாகரம் செல்லும் சாலையில் உள்ள ஊர் இண்டூர். கேழ்வரகும் நிலக்கடலையும் கொள்ளும் அவரையும் துவரையும் விளையும் மானாவாரிப் பகுதி அது. அங்கே ஒரு வீட்டை மனக்கண்முன் கொண்டு வருவோம்.

மாலை மணி ஆறு. பிறந்து இருபத்தைந்து நாளான குழந்தை வீறிட்டு அழுகிறது. முகம் சிவந்துவிட்டது. கைகள் இறுக மூடியிருக்கின்றன. கால்களை வயிற்றோடு மடக்குவதும் உதறுவதுமாக இருக்கிறது. சற்றே காற்றுப் பிரிகிறது, அழுகை ஒரு நொடி நிற்கிறது, மறுபடியும் தொடங்குகிறது.

"மத்தியானம் என்ன கண்ணு சாப்பிட்ட?" என்று பேத்தியைக் கேட்கிறார் பாட்டி.

"கொஞ்சம் அவரைக்கொட்டைக் குழம்பு, ஆயா."

"அதான் பார்த்தேன்! பச்சை உடம்புக்காரி வாயுப் பண்டம் தின்னா, பால் வழியா அது புள்ளை வயித்துக்குத்தான் போகும். நாளையிலிருந்து ரசமும் சோறும் போதும்."

இந்த உரையாடல் இண்டூரில் மட்டும் கேட்பதன்று. தமிழ்நாட்டில் குழந்தை பிறந்த வீடுகள் பலவற்றிலும் இதைக் கேட்கலாம். பாட்டி சொல்வதில் உண்மை உண்டா? அவரையில் உள்ள 'வாயு' தாய்ப்பாலில் கலக்குமா? கலக்காது என்றால், குழந்தையின் வயிற்றில் காற்று எங்கிருந்து வந்தது? அதைத் தணிக்க என்ன வழி? ஒரு குழந்தையின் அழுகையும், ஒரு தாயின் உணவும் இந்தக் கேள்விகளின் விடையைப் பொறுத்திருக்கின்றன. ஆகவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காற்று நுழையும் வழிகள்

தாயின் கருப்பையில் இருக்கும்வரை குழந்தையின் குடலில் காற்று என்பதே கிடையாது. பிறந்தவுடன் அது வீறிட்டு அழுகிறதல்லவா? அந்த முதல் மூச்சுகளின்போதே காற்று இரைப்பைக்குள் புகுந்துவிடுகிறது. சில மணி நேரத்தில் சிறுகுடலை எட்டுகிறது. ஏறத்தாழ ஒரு நாளுக்குள் மலக்குடல்வரை சென்றுவிடுகிறது. எக்ஸ்-ரே படத்தில் இந்தப் பயணத்தைத் தெளிவாகக் காணலாம். அந்தப் பயணம் தடைப்பட்டிருந்தால் குடலில் அடைப்பு இருக்கலாம் என்று மருத்துவர்கள் ஐயுறுவார்கள். ஆகவே குழந்தையின் குடலில் காற்று இருப்பது நோயன்று, இயற்கை.

இந்தக் காற்று இரண்டு வழிகளில் சேர்கிறது. ஒன்று, வாய் வழியாக விழுங்கப்படுவது. பால் குடிக்கும்போதும் அழும்போதும் குழந்தை காற்றை விழுங்குகிறது. மற்றொன்று, குடலுக்குள்ளேயே உண்டாவது. பெருங்குடலில் வாழும் பாக்டீரியங்கள் சர்க்கரையை நொதிக்கச் செய்யும்போது ஹைட்ரஜனும் கார்பன்-டை-ஆக்சைடும் தோன்றுகின்றன.

இவ்விரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஹைட்ரஜனும் கார்பன்-டை-ஆக்சைடும் குடற்சுவர் வழியே எளிதில் இரத்தத்தில் கரைந்து, நுரையீரலுக்குச் சென்று, மூச்சோடு வெளியேறிவிடும். விழுங்கிய காற்றில் பெரும்பகுதி நைட்ரஜன். அது அவ்வளவு எளிதில் இரத்தத்தில் கரைவதில்லை. மேலே ஏப்பமாகவோ கீழே காற்றாகவோதான் அது வெளியேற வேண்டும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு சர்க்கரை?

தாய்ப்பாலில் 100 மி.லி.க்கு ஏறத்தாழ 7 கிராம் லாக்டோஸ் என்னும் பாற்சர்க்கரை இருக்கிறது. பசும்பாலில் இதைவிடக் குறைவு. 5 கிராமுக்கும் உட்பட்டதே. ஒரு மாதக் குழந்தை ஒரு நாளில் 700 மி.லி. பால் குடிப்பதாகக் கொண்டால், அது உட்கொள்ளும் லாக்டோஸ் 49 கிராம். குழந்தையின் எடை 4 கிலோ. இதே கணக்கில் 50 கிலோ எடையுள்ள ஒருவர் நாள்தோறும் 600 கிராமுக்கு மேல் சர்க்கரை உண்ண வேண்டும்! நம் வயிறு என்ன பாடுபடும் என்று எண்ணிப் பாருங்கள்.

லாக்டோஸைச் செரிக்கச் சிறுகுடலில் லாக்டேஸ் என்னும் நொதி சுரக்கிறது. அது பெரும்பகுதியைச் செரித்துவிடுகிறது. ஆனாலும் முதல் சில மாதங்களில் ஒரு சிறு பகுதி செரிக்காமல் பெருங்குடலுக்குச் சென்றுவிடுவது வழக்கமானதே. அங்கே காத்திருக்கும் பாக்டீரியங்கள் அதை உண்டு வாயுவை வெளிவிடுகின்றன.

குழந்தை முக்கி முனகுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மலமோ காற்றோ வெளியேற வேண்டுமானால் வயிற்றுத் தசைகள் அழுத்த வேண்டும். அதே நேரத்தில் ஆசனவாய்த் தசைகள் தளர வேண்டும். இந்த இரண்டு வேலைகளையும் ஒருசேரச் செய்யப் பச்சைக் குழந்தைக்குத் தெரியாது. அது கற்றுக்கொள்ளச் சில வாரங்கள் ஆகும். அதுவரை பத்து நிமிடம் முகம் சிவக்க முக்கி, அழுது, பிறகு இளகிய மலத்தை வெளியேற்றும். மலம் இளகியிருந்தால் அது மலச்சிக்கல் அன்று, பயிற்சிக் குறைவு.

அவரைக்கொட்டை பாலில் கலக்குமா?

இனிப் பாட்டியின் கேள்விக்கு வருவோம். அவரை, மொச்சை, கொள்ளு, துவரை, கொண்டைக்கடலை ஆகியவற்றை உண்டால் நமக்கு வயிறு உப்புவது உண்மைதான். அதற்குக் காரணம் அவற்றில் உள்ள ராஃபினோஸ், ஸ்டேக்கியோஸ் என்னும் சர்க்கரைகள். இவற்றை உடைக்கும் நொதி மனிதக் குடலில் சுரப்பதில்லை. உடையாத சர்க்கரை குடற்சுவரைக் கடந்து இரத்தத்தில் சேர முடியாது. எனவே அது அப்படியே பெருங்குடலுக்குப் போய், பாக்டீரியங்களுக்கு உணவாகி, வாயுவைத் தருகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாய்ப்பால் இரைப்பையிலிருந்தோ குடலிலிருந்தோ நேராக வருவதில்லை. மார்பில் உள்ள பாற்சுரப்பிகளின் உயிரணுக்கள், இரத்தத்திலிருந்து தமக்கு வேண்டிய பொருள்களை எடுத்துப் பாலைத் தயாரிக்கின்றன. இரத்தத்தில் சேராத பொருள் பாலில் சேர வழியில்லை. வாயுவை உண்டாக்கும் சர்க்கரை எதுவோ, அதுவே இரத்தத்தில் சேர முடியாத சர்க்கரை. சேர முடியாததால்தான் அது வாயுவை உண்டாக்குகிறது!

தாயின் குடலில் தோன்றிய ஹைட்ரஜன் இரத்தத்தில் கரைகிறதே, அது பாலுக்கு வராதா என்று கூர்மையான மாணவர் ஒருவர் கேட்கலாம். கரைவது உண்மைதான். ஆனால் அந்த இரத்தம் நுரையீரலை அடைந்ததும் வாயு மூச்சோடு போய்விடுகிறது. குழந்தையின் வயிற்றை உப்பவைக்கும் அளவுக்குப் பாலில் அது சேர்வதில்லை. பாலில் நுரையாகக் குமிழிகளாக வாயு வருவதுமில்லை.

அப்படியானால் தாய் உண்பது எதுவுமே பாலில் தெரியாதா? சில தெரியும். மணம் தெரியும். 1991-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் ஜூலி மெனெல்லா, கேரி போஷாம்ப் என்னும் இரு ஆய்வாளர்கள் பாலூட்டும் தாய்மார்களுக்குப் பூண்டுச் சத்து கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றிரண்டு மணி நேரத்தில் பாலில் பூண்டு மணம் வந்துவிட்டது. குழந்தைகள் முகம் சுளிக்கவில்லை. வழக்கத்தைவிட அதிக நேரம் மார்பில் பற்றியிருந்தன. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுக்கும் நம் வழக்கத்தைக் குழந்தைகள் வெறுப்பதில்லை என்பதை இதிலிருந்து அறியலாம்.

காப்பியிலுள்ள காஃபீனும் பாலில் சிறிதளவு கலக்கும். தாய் அளவுக்கு மீறிக் குடித்தால் குழந்தை தூக்கமின்றித் தவிக்கக்கூடும். தாய் அருந்தும் பசும்பாலில் உள்ள புரதமும் மிகச் சிறு அளவில் தாய்ப்பாலை எட்டுகிறது. மிகச் சில குழந்தைகளுக்கு அது ஒவ்வாமையை உண்டாக்கும். அப்போது மலத்தில் சளியும் இரத்தமும் தென்படலாம். தோலில் தடிப்பு வரலாம். எடை ஏறாமல் போகலாம். அத்தகைய குழந்தைக்கு மருத்துவரின் அறிவுரைப்படி தாய் சில வாரங்கள் பாலையும் பாற்பொருள்களையும் நிறுத்திப் பார்ப்பதுண்டு. இது விதிவிலக்கு. இதை வைத்துப் பருப்பு, பயறு, கிழங்கு, கீரை, முட்டை அனைத்தையும் எல்லாத் தாய்மார்களுக்கும் விலக்குவது பொருந்தாது.

பால் வளர்க்கும் பயிர்

தாய்ப்பாலில் மற்றொரு விந்தை உண்டு. லாக்டோஸ், கொழுப்பு ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக அதில் மிகுதியாக இருக்கும் திடப்பொருள் ஒருவகைச் சிக்கலான சர்க்கரை. லிட்டருக்கு 5 முதல் 15 கிராம்வரை இருக்கிறது. இதைச் செரிக்கக் குழந்தையால் முடியாது! குழந்தையால் செரிக்க முடியாததைத் தாயின் உடல் ஏன் இவ்வளவு பாடுபட்டுத் தயாரிக்கிறது?

விடை குழந்தையின் மலத்தில் கிடைத்தது. 1885-இல் தியோடர் எஷரிக் என்னும் மருத்துவர் குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்து, இன்று அவர் பெயரால் எஷரிக்கியா கோலை என வழங்கும் பாக்டீரியத்தைக் கண்டார். 1899-இல் பாரிஸ் நகரின் பாஸ்டர் நிலையத்தில் ஆன்றி டிஸ்ஸியே, தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மலத்தில் கவட்டைபோல் இரண்டாகப் பிரிந்த வடிவுடைய வேறொரு பாக்டீரியத்தைக் கண்டார். அதற்குப் பைஃபிடோ பாக்டீரியம் என்று பெயர். தாய்ப்பாலின் அந்தச் செரிக்காத சர்க்கரை, இந்தப் பாக்டீரியத்துக்கென்றே அனுப்பப்படும் உணவு என்பது பின்னாளில் விளங்கியது.

எஷரிக்கியா கோலை சர்க்கரையை நொதிக்கும்போது வாயு வருகிறது. பைஃபிடோ பாக்டீரியமோ சர்க்கரையை அசெட்டிக் அமிலமாகவும் லாக்டிக் அமிலமாகவும் மாற்றுகிறது, வாயுவை உண்டாக்குவதில்லை. நல்ல விதையைத் தூவி, உரமிட்டு, களை மண்டாமல் பார்த்துக்கொள்ளும் உழவனைப்போல், தாய்ப்பால் குழந்தையின் குடலில் அமைதியான பயிரை வளர்க்கிறது. வயிறு உப்புகிறது என்று தாய்ப்பாலை நிறுத்திப் புட்டிப்பாலுக்கு மாறுவது, முளைத்து வரும் பயிரை உழுது போடுவதற்கு ஒப்பாகும்.

அழுகை எல்லாம் வாயுவா?

1954-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் மாரிஸ் வெஸ்ஸல் ஓர் அளவுகோலைத் தந்தார். நன்கு பாலுண்டு வளரும் குழந்தை, ஒரு நாளில் 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரங்களுக்கு மேல் காரணமின்றி அழுதால் அதைக் 'கோலிக்' எனலாம் என்றார். 1962-இல் பெரி பிரேசல்ட்டன் என்னும் மருத்துவர், தாய்மார்களை நாட்குறிப்பு எழுதச் சொல்லி அழுகையைக் கணக்கெடுத்தார். நலமான குழந்தைகளும் நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் அழுதன! ஆறாவது வாரம்வரை அழுகை ஏறி, பிறகு படிப்படியாக இறங்கி, மூன்றாவது மாதத்தில் வெகுவாகக் குறைந்தது. மாலை வேளையில்தான் அதிகம் அழுதன.

ஆகவே, வாயுவால் அழுகை வந்ததா, அழுகையால் வாயு வந்ததா என்பதை எப்போதும் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. அழும் குழந்தை காற்றை விழுங்குகிறது. விழுங்கிய காற்று வயிற்றை உப்பவைக்கிறது. உப்பிய வயிற்றால் மீண்டும் அழுகிறது. இந்தச் சுழலை ஓர் இடத்தில் வெட்டினால் போதும்.

கைகளே மருந்து

முதலில், பால் குடிக்கும் முறை. குழந்தை காம்பை மட்டும் சப்பினால் 'சொக் சொக்' என்று ஓசை வரும். ஓசை வந்தால் காற்றும் உள்ளே போகிறது என்று பொருள். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதி குழந்தையின் வாய்க்குள் இருக்க வேண்டும். வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளிப்புறம் மடிந்து, முகவாய் மார்பைத் தொட வேண்டும். குழந்தையின் தலை மட்டும் திரும்பாமல், உடல் முழுவதும் தாயை நோக்கி இருக்க வேண்டும். வீறிட்டு அழும்வரை காத்திராமல், கையைச் சப்பி வாயைத் திறந்து தேடும்போதே பால் கொடுத்தால் விழுங்கும் காற்று குறையும்.

இரண்டாவது, ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போதல். பாலூட்டலின் தொடக்கத்தில் வரும் பாலில் கொழுப்புக் குறைவு. போகப்போகக் கொழுப்பு மிகுகிறது. கொழுப்பு, பாலை இரைப்பையில் சற்று நேரம் தங்கவைக்கிறது. கடிகாரத்தைப் பார்த்து ஐந்து ஐந்து நிமிடமாகப் பக்கம் மாற்றினால் குழந்தைக்கு இரு பக்கமும் முதற்பாலே கிடைக்கும். அது விரைந்து குடலுக்குள் ஓடும். லாக்டேஸ் நொதியால் ஈடுகொடுக்க முடியாது. நுரைத்த பச்சை மலமும் காற்றும் மிகும். 1988-இல் மைக்கேல் வூல்ரிட்ஜ், குளோயி ஃபிஷர் ஆகிய பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இதை எடுத்துக்காட்டினார்கள். குழந்தை தானாக வாயை விடும்வரை ஒரு பக்கம் கொடுத்துப் பிறகு மறுபக்கம் மாற்றுவதே முறை.

மூன்றாவது, ஏப்பம் விடச் செய்தல். இதை விளங்கிக்கொள்ள ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரு சீசாவில் முக்கால் பங்கு நீர் நிரப்பி மூடுங்கள். படுக்க வைத்தால் காற்று மேற்பக்கமாகப் பரவி நிற்கும். சீசாவின் வாயை நீர் பெரிதும் அடைத்திருக்கும். நிமிர்த்தி வைத்தால் காற்று முழுவதும் வாயருகே சேரும். குழந்தையின் இரைப்பையும் இப்படித்தான். மல்லாந்து படுத்திருக்கும்போது உணவுக் குழாயின் வாயைப் பால் மூடியிருக்கும். தோளில் நிமிர்த்திச் சாய்க்கும்போது காற்று மேலே வந்து ஏப்பமாக வெளியேறும்.

ஆனால் தட்டித் தட்டி ஏப்பத்தை வரவழைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. சண்டிகரில் 71 தாய்-சேய் இணைகளைக் கொண்டு நடத்தி 2015-இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று இதைச் சோதித்தது. ஒரு பிரிவினர் ஏப்பம் விடச் செய்தார்கள். மற்றொரு பிரிவினர் செய்யவில்லை. கோலிக் அழுகையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஏப்பம் விடச் செய்த குழந்தைகள் அதிகமாகவே பாலைக் கக்கின. எனவே பால் குடித்தபின் சில நிமிடம் தோளில் நிமிர்த்தி வைத்து முதுகை மெல்ல வருடினால் போதும். ஏப்பம் வராமலே குழந்தை தூங்கிவிட்டால் எழுப்ப வேண்டியதில்லை. மல்லாக்கப் படுக்க வைத்துவிடலாம்.

நான்காவது, காலும் வயிறும். குழந்தையை மல்லாக்கக் கிடத்தி, இரு கால்களையும் மிதிவண்டி மிதிப்பதுபோல் மாறி மாறி மெல்ல அசைக்கலாம். முழங்கால்களை வயிற்றோடு இதமாக மடக்கி விடலாம். பெருங்குடல் குழந்தையின் வலப்பக்க அடிவயிற்றில் தொடங்கி மேலேறி, குறுக்கே சென்று, இடப்பக்கம் இறங்குகிறது. ஆகவே எதிரில் இருந்து பார்க்கும் நமக்குக் கடிகார முள் சுற்றும் திசையில், வெதுவெதுப்பான கையால் வயிற்றைச் சுற்றி வருட வேண்டும். பால் குடித்த உடனே இதைச் செய்யக் கூடாது. குழந்தை விழித்திருக்கும்போது, நாம் பக்கத்தில் இருந்துகொண்டு, சற்று நேரம் குப்புறக் கிடத்துவதும் நல்லது. தூங்கும்போது மட்டும் எப்போதும் மல்லாக்கவே கிடத்த வேண்டும்.

ஐந்தாவது, தூக்கி வைத்திருத்தல். 1986-இல் கனடாவின் மான்ட்ரியலில் நடந்த ஓர் ஆய்வில், ஒரு பிரிவுத் தாய்மார்கள் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் குழந்தையைத் தூக்கி வைத்திருந்தார்கள். ஆறாவது வாரத்தில் அந்தக் குழந்தைகளின் அழுகை 43 விழுக்காடு குறைவாக இருந்தது. அளவுக்கு மீறி அழும் குழந்தைகளுக்கு இது அவ்வளவாகப் பயன்படவில்லை என்று பின்னர் தெரிந்தது. ஆயினும் செலவில்லாத, கெடுதலில்லாத வழி இது. "கைப்பழக்கம் ஆகிவிடும்" என்று பச்சைக் குழந்தையைத் தூக்காமல் விட வேண்டியதில்லை. தாலாட்டும் தோளும் மார்புச் சூடும் அதற்கு ஆறுதல் தருகின்றன.

புட்டியும் உரைகல்லும்

1851-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் வில்லியம் உட்வர்ட் என்பவர் 'கிரைப் வாட்டர்' என்னும் மருந்தைத் தயாரித்தார். சதகுப்பை எண்ணெய், சோடியம் பைகார்பனேட், சர்க்கரை, நீர் ஆகியவற்றோடு 3.6 விழுக்காடு சாராயமும் அதில் இருந்தது! குழந்தை அமைதியானதில் வியப்பில்லை. பிற்காலத்தில் சாராயம் நீக்கப்பட்டது. எஞ்சிய கலவை வயிற்று வாயுவைக் குணப்படுத்துகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இனிப்புச் சுவை குழந்தையைச் சற்று நேரம் அமைதிப்படுத்தும், அவ்வளவே.

குமிழிகளை உடைப்பதாகச் சொல்லி விற்கப்படும் சைமெத்திகோன் சொட்டுகள், மருந்தில்லாத வெறும் திரவத்தோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் மேலானவையாகத் தெரியவில்லை. வயிற்றுப் பிடிப்புக்கான டைசைக்ளோமின், மூச்சுத் தடையை உண்டாக்கக்கூடியது; ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அதைக் கொடுக்கவே கூடாது. பெரிய குழந்தைக்கு எழுதித் தந்த சொட்டு வீட்டில் மீந்திருக்கிறதே என்று பச்சைக் குழந்தைக்கு ஊற்றுவது பேராபத்து.

இனி உரைமருந்து. வசம்பு, சுக்கு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய் ஆகியவற்றை உரைத்து நாக்கில் தடவுவது நம் பழைய வழக்கம். வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே ஒரு பெயர் உண்டு. ஆனால் வசம்பில் உள்ள பீட்டா-அசரோன் என்னும் பொருள் ஆய்வக எலிகளில் புற்றுநோயை உண்டாக்கியது. அதனால் 1968-இல் அமெரிக்க அரசு உணவில் வசம்பைச் சேர்ப்பதைத் தடை செய்தது. ஈரமான உரைகல்லில் நோய்க்கிருமிகள் தங்குவதும் எளிது. சேனை என்று தேன் தொட்டு வைப்பதும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம் என்பது தெரிந்த உண்மை. மூக்கில் எண்ணெய் விடுவது நுரையீரல் அழற்சியில் கொண்டுபோய் விடும். 'உரம் விழுந்தது' என்று துணியில் போட்டு உருட்டுவதும், வயிற்றில் சூடு வைப்பதும் குழந்தைக்குச் செய்யும் கொடுமை.

வெயில் காலத்தில் தண்ணீராவது கொடுக்க வேண்டாமா? வேண்டாம். தாய்ப்பாலில் ஏறத்தாழ 88 விழுக்காடு நீர்தான். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2001 முதல் வலியுறுத்தி வருகிறது.

எப்போது விரைய வேண்டும்?

பால் நன்றாகக் குடித்து, எடை ஏறி, நாளைக்கு ஆறு முறைக்கு மேல் சிறுநீர் கழித்து, அழுகை நின்ற வேளைகளில் தெளிவாகப் பார்க்கும் குழந்தைக்கு வாயுத் தொல்லை ஆபத்தானதன்று. ஆனால் கீழ்க்கண்டவற்றில் ஒன்று தோன்றினாலும் கைவைத்தியத்தில் காலம் கடத்தக் கூடாது.

பச்சை நிறத்தில் வாந்தி, மலத்தில் இரத்தம், பிறந்து 24 மணி நேரமாகியும் மலம் கழியாமை, கல்போல் இறுகிப் பளபளக்கும் வயிறு, காய்ச்சல், அல்லது உடல் சில்லிட்டுப் போதல், பால் குடிக்க மறுத்தல், எழுப்பினாலும் எழாத சோர்வு, நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, அல்லது மூச்சு விடும்போது நெஞ்சுக்குழி உள்வாங்குதல், உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் நிறம், அரையில் அமுங்காத வீக்கம். இவற்றைக் கண்டால் உடனே 108 ஊர்தியை அழைக்க வேண்டும். இண்டூர்ப் பகுதி மக்களுக்குத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. அழுத குழந்தை திடீரென்று அழாமல் துவண்டு கிடந்தால் 'தூங்குகிறது' என்று மகிழ்ந்துவிடக் கூடாது.

தாயின் தட்டு

மறுபடியும் அந்த வீட்டுக்குப் போவோம். பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதத்தில் நாள்தோறும் ஏறத்தாழ 600 கலோரியும் 17 கிராம் புரதமும் கூடுதலாகத் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் கணித்திருக்கிறது. 100 கிராம் பருப்பில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உண்டு. சொந்தக் காட்டில் விளையும் அவரையும் துவரையும் கொள்ளும்தான் மானாவாரிப் பகுதி ஏழைக் குடும்பத்துக்கு எட்டும் புரதம். அதை 'வாயு' என்று விலக்கி ரசமும் சோறுமாக நிறுத்தினால், குழந்தையின் வயிற்றுக் காற்று குறையப் போவதில்லை. தாயின் உடல் தன் சேமிப்பைக் கரைத்துப் பாலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். இரத்தசோகையும் களைப்பும் தாய்க்கு மிஞ்சும். களைத்த தாய் "எனக்குப் பால் போதவில்லையோ" என்று அஞ்சிப் புட்டியை நாடுவாள். பருப்பு உண்டால் தன் வயிறு உப்பித் தொல்லைப்படும் தாய், அதை ஊறவைத்து நன்றாக வேகவைத்து, அளவாக உண்ணலாம். அது அவளுடைய வசதிக்காக. குழந்தையின் நலத்துக்காக அன்று.

விடாது அழும் குழந்தையைத் தாய் ஒருத்தியே சமாளிக்க முடியாது. மாலை வேளையில் தந்தையும் பாட்டியும் அத்தையும் முறை வைத்துத் தூக்கிக்கொள்ள வேண்டும். எரிச்சல் மிகுந்தால் குழந்தையைப் பத்திரமான இடத்தில் மல்லாக்கக் கிடத்திவிட்டுச் சற்று விலகி இருக்கலாம். எக்காரணம் கொண்டும் குழந்தையைப் பிடித்துக் குலுக்கக் கூடாது. அதன் மூளை தாங்காது.

இதைப் படிக்கும் மாணவர்களே! உங்கள் வீட்டிலும் அக்காவோ அண்ணியோ குழந்தையோடு இருக்கலாம். பாட்டியிடம் எதிர்த்துப் பேச வேண்டாம். அவரும் குழந்தையின் நலத்தைத்தான் நினைக்கிறார். குழந்தையைத் தோளில் சாய்த்து வருடும் பக்குவம் அவருடைய கைக்குத்தான் நன்றாகத் தெரியும். அந்தக் கைகளில் குழந்தையைக் கொடுங்கள். ராஃபினோஸின் கதையைப் பொறுமையாகச் சொல்லுங்கள். அதற்குள் அந்தத் தாய் தன் கேழ்வரகுக் களியையும் அவரைக்கொட்டைக் குழம்பையும் நிம்மதியாகச் சாப்பிட்டு முடிக்கட்டும்.